மாமாவின் இத்தாலிக் கொழுப்பு

என் தாய்மாமாவுக்குப் பொருளை ஒளித்துவைக்கத் தெரியும். வாயை மூடத்தான் தெரியாது. அஜ்மானில் எங்கள் ஃபிளாட்டில் தங்கிக்கொண்டு, துபாயில் ஓர் ஓட்டலின் இத்தாலியச் சமையலறைக்கு டூட்டிக்குப் போய்வந்தார். அங்கிருந்த தலைமைச் சமையல்காரர், தன் ஊரில் பன்றியின் முதுகுக் கொழுப்பைப் பதப்படுத்தும் விதத்தைச் சொல்லச் சொல்ல மாமா சொக்கிப்போனார். பளிங்குத் தொட்டியின் உள்பக்கம் பூண்டைத் தேய்த்து, கொழுப்பையும் கல்லுப்பையும் மிளகையும் ரோஸ்மேரி இலையையும் அடுக்கடுக்காகப் போட்டு, பளிங்குப் பலகையால் மூடி மாதக்கணக்கில் விட்டுவிடுவார்களாம். நெருப்பே காட்டுவதில்லை. மெல்லிசாகச் சீவிச் சூடான ரொட்டிமேல் வைத்தால் கண்ணாடிபோல் உருகுமாம்.

"நம்ம ஊறுகா மாதிரிதாங்க. ஜாடி மட்டும் பளிங்கு!" என்று லிஃப்டில் மாட்டியவர்களிடமெல்லாம் சொன்னார். கீழ்மாடிக் கீழக்கரை அங்கிளையும் விடவில்லை. அந்த மனிதர் பாவம், தலையாட்டிக்கொண்டே தன் மாடி வரக் காத்திருந்தார். சொந்த அக்காவிடம் மட்டும் மாமா மூச்சுவிடவில்லை. தெரிந்தால் அம்மா அவரைப் பெட்டியோடு வெளியே தள்ளியிருப்பாள்.

அப்படியும், குருநாதர் கொடுத்தார் என்று ஒரு கட்டியை வெள்ளைத் துணியில் சுற்றி எங்கள் ஃபிரிட்ஜில் கீரைக்குப் பின்னால் வைத்துவிட்டு டூட்டிக்குப் போய்விட்டார். வார விடுமுறையில் துபாய் சத்வாவில் இருந்த நண்பருக்குக் கொண்டுபோகத் திட்டம்.

அது நோன்பு மாதம். கீழக்கரை ஆன்ட்டி தினமும் ஓர் எவர்சில்வர் பாத்திரத்தில் நோன்புக் கஞ்சி கொடுத்தனுப்புவார். பாத்திரத்தை வெறுமனே திருப்பிக் கொடுக்க அம்மாவுக்குக் கை வராது. அன்று பார்த்து வீட்டில் ஒன்றுமில்லை. ஃபிரிட்ஜைக் குடைந்தவளுக்கு அந்த வெள்ளைக் கட்டி அகப்பட்டது.

"ஓட்டல் சீஸைக் கொண்டாந்து ஒளிச்சு வச்சிருக்கான் பாரு, திருட்டுப்பய!"

சுட்ட ரொட்டித் துண்டுகள்மேல் சீவி, அந்தப் பாத்திரத்திலேயே அடுக்கினாள். நோன்பு திறக்கக் கொடுப்பதை நாம் முந்திக்கொண்டு ருசி பார்க்கக் கூடாது என்று என்னையும் தொடவிடவில்லை. நான்தான் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

பாங்கு சொல்லக் கொஞ்ச நேரம் இருக்கும்போது மாமா வந்து ஃபிரிட்ஜைத் திறந்தார்.

"அக்கா, இங்க இருந்தது எங்க?"

"ரொட்டில வச்சுக் கீழ குடுத்துட்டேன்டா."

"ஐயோ! அது பன்னிக் கொழுப்புக்கா!"

அம்மா தரையில் உட்கார்ந்துவிட்டாள். "நோம்பு வச்ச வாய்க்கா இதைக் குடுத்தேன்? இனிமே அவ மூஞ்சில எப்படிடா முழிப்பேன், பாவி!" அந்தக் கட்டடத்தில் அம்மாவுக்கு இருந்த ஒரே சிநேகிதி அவர். தம்பி பிறந்தபோது பத்தியம் சமைத்துப் போட்டவர்.

மாமா படிகளில் தாவி இறங்க, பின்னாலேயே நானும் ஓடினேன். ஈரக் கையோடு ஆன்ட்டி கதவைத் திறந்தார்.

"அக்கா, அந்தச் சீஸ் கெட்டுப்போச்சு! சாப்பிட்டுறாதீங்க!"

ஆன்ட்டி மாமாவை ஒரு கணம் பார்த்தார். "அதுவா தம்பி? மூடியத் தொறக்கயிலேயே கை தவறிக் கீழ கொட்டிடுச்சு. யாரு வாயிலயும் படல. அக்காட்ட சொல்லிறாதீக, வருத்தப்படுவாக."

மாமா அப்படியே சுவரில் சாய்ந்தார். பாங்கு ஒலித்தது. மேலே வந்து சொன்னதும் அம்மா, "முருகா, என் மானத்தைக் காப்பாத்துன!" என்று கும்பிட்டாள், மாமா முதுகில் ரெண்டு வைத்தாள். அழுகையும் சிரிப்புமாக அவள் கிடக்க, நாங்களும் சிரித்தோம்.

அந்தச் சந்தோஷத்தில் நானும் கண்டதைச் சொன்னேன். "ஆன்ட்டி வீட்ல சோப்பு தீந்துருச்சு போலம்மா. பூந்தொட்டி மண்ணைப் போட்டு அந்தப் பாத்திரத்தப் பாதி தேச்சு வச்சிருந்தாங்க, கதவு வழியாப் பாத்தேன்!"

மாமாவின் சிரிப்பு நின்றது. அம்மாவின் காதருகே குனிந்து ஏதோ சொன்னார். அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள்.

மறுநாள் முழுக்க அவள் காது வாசல் மணியிலேயே இருந்தது. வேளை வந்தது, மணி அடித்தது. அதே பாத்திரம், தளும்பத் தளும்பக் கஞ்சி. அம்மா இரு கையாலும் வாங்கி, கீழே வைக்க மறந்து, கண்ணீர் வழிய நின்றாள்.

பன்றி பட்ட பாத்திரத்தை மண் சேர்த்துக் கழுவுவது அவர்கள் வழக்கம் என்றும், லிஃப்டில் மாமா அளந்த கதையே அங்கிளுக்கு அதைக் காட்டிக்கொடுத்திருக்கும் என்றும் எனக்குத் தெரியப் பல வருடங்கள் ஆயின. அன்று, பாத்திரம் பளபளவென்று இருப்பதைப் பார்த்து, ஆன்ட்டி சோப்பு வாங்கிவிட்டார் என்று நிம்மதியாகக் கஞ்சி குடித்தேன்.