கூண்டு அட்டையின் முதல் வரி

திங்கட்கிழமைக்குள் கூண்டுகளைக் காலி செய்துவிடும்படி பேராசிரியர் சொல்லிவிட்டுப் போனார். காலி செய்வது என்றால் எலிகளைக் கொன்றுவிடுவது. கோமதியின் இரண்டாண்டு உழைப்பும் அதோடு முடிந்துவிடும்.

இரண்டாயிரத்துக்குப் பிந்தைய அந்த ஆண்டுகளில், திருப்பூருக்கு அருகே ஒரு கல்லூரி ஆய்வுக்கூடத்தில் நான் எலிகளைப் பராமரித்து வந்தேன். அதற்கு முன் ஒன்பது ஆண்டுகள் அனுப்பர்பாளையத்தில் ஒரு பனியன் கம்பெனியில், தைத்த துணியில் குறை பார்க்கும் செக்கிங் வேலை. கோமதி முனைவர் பட்ட ஆய்வாளர். என்னைவிடச் சற்றே இளையவர்.

எலிக்கும் நமக்கும் தாயிடமிருந்து ஒன்று, தந்தையிடமிருந்து ஒன்று என ஜீன்கள் இரண்டு பிரதிகளாக வருகின்றன. பெரும்பாலும் இரண்டும் வேலை செய்யும். சில ஜீன்களில் மட்டும் ஒரு பக்கத்துப் பிரதி அடங்கியே இருக்கும். கோமதி ஆராய்ந்த வளர்ச்சி ஜீனில் தந்தையின் பிரதியே வேலை செய்வது. ஆகவே அந்த ஜீன் பழுதான ஆண் எலியை நல்ல பெண் எலியோடு சேர்த்தால் குட்டிகள் சிறுத்துப் பிறக்கும். பழுது தாயிடம் இருந்தால் குட்டிகளுக்குக் குறையில்லை.

முதல் தொகுதியில் அப்படியே நடந்தது. கோமதி பயிற்சிக்காக வெளியூர் போயிருந்த மாதத்தில் நான் இணை சேர்த்த இரண்டாம் தொகுதியிலோ எல்லாம் தலைகீழ்; ஆய்வையே நம்ப முடியாது என்று பேராசிரியர் முடிவு செய்தது அதனால்தான். குட்டிகள் பால்குடி மறந்ததும் தாய் எலிகளைப் பொதுக் கூண்டுக்கு மாற்றியிருந்தோம். எதை எதோடு சேர்த்தோம் என்பதற்குக் கூண்டில் மாட்டிய அட்டைகளைத் தவிர வேறு சாட்சியில்லை என்றே நினைத்தோம்.

இரு தொகுதி அட்டைகளையும் அருகருகே பரப்பினேன். கோமதியின் அட்டைகளில் முதல் வரியில் தாய் எலியின் இனமும் (பழுதானதா, நல்லதா), அடுத்த வரியில் தந்தையின் இனமும் இருந்தன. எது தாய் என்று தனியே குறிப்பதில்லை; முதல் வரி தாய் என்பதே ஆய்வுக்கூட வழக்கம். என் அட்டைகளில் முதல் வரியில் தந்தை. கோமதியைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

கோமதி ஏனென்று கேட்டார்.

“இனிஷியல்னாலும் கல்யாணப் பத்திரிகைன்னாலும் அப்பா பேரைத்தானுங்க முதல்ல போடுவோம். கை அப்படியே எழுதிருச்சுங்க மேடம்.”

“எலிக்குப் பத்திரிகை அடிச்சீங்களாக்கா?” என்றார். கண்ணில் நீரோடு சிரித்தார்.

பேராசிரியரிடம் நானே போனேன்.

“தப்பு என்னோடதுங்க சார். எலிக சரியாத்தான் செஞ்சிருக்குதுங்க.”

அட்டையை மாற்றிச் சொன்னால் யார் நம்புவார்கள் என்று அவர் கேட்டார். நியாயமான கேள்வி. என் நோட்டை நீட்டினேன். செக்கிங்கில் பண்டல் நம்பர் எழுதாமல் ஒரு பீஸைக்கூட நான் கைமாற்றியதில்லை. அதே பழக்கத்தில் ஒவ்வொரு தாய் எலியின் காதுத் துளை எண்ணையும், அது எந்தக் கூண்டில் ஈன்றது என்பதையும் குறித்து வைத்திருந்தேன். பழுதான இனத்துக்கு வலக்காதிலும் நல்ல இனத்துக்கு இடக்காதிலும் துளையிடுவது எங்கள் முறை; துளை விழுந்த இடங்கள் எண்ணைச் சொல்லும்.

நோட்டு பேராசிரியர் கையில் இருந்தது. பொதுக் கூண்டிலிருந்து ஒவ்வொரு தாயாக எடுத்து, காதைப் பார்த்துக் கோமதி எண்ணைப் படித்தார். பதினொரு தாய்களும் நோட்டோடு ஒத்துப்போயின. சிறுத்த குட்டிகளின் தாய்கள் எல்லாமே இடக்காது, அதாவது நல்ல இனம்; பழுது தந்தையிடம்தான்.

“காலி பண்ண வேண்டாங்க. அட்டையைத் திருத்துங்க” என்றார் பேராசிரியர்.

திருத்தினேன். பழைய வரிகளை அழிக்கவில்லை. ஒற்றைக் கோடு போட்டு, முதல் வரியில் தாயை எழுதிக் கையொப்பமிட்டேன். இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: முடிவு தலைகீழாக வந்தால் எலியைச் சந்தேகிக்கும் முன் உங்கள் கையெழுத்தைப் பாருங்கள். பிழையை அழிக்காதீர்கள், பெயரோடு ஒப்புக்கொள்ளுங்கள். கோமதியின் ஆய்வேட்டுக்குப் பின்னிணைப்பாக அந்த அட்டைகளின் நகல் போனது. கோடு போட்ட பதினொரு வரிகளின் பக்கத்திலும் என் கையொப்பம் இருக்கிறது.