அண்ணி ஊற்றிய உறை

என் அண்ணிக்குப் பிள்ளைகள் மூன்று பேர் என்று தொழிற்சாலையில் கேலி செய்வார்கள். மூன்றும் பாக்டீரியா. சீஸ் செய்யும் பாலைப் புளிக்க வைக்கிற உறையை வளர்ப்பதுதான் அவர் வேலை. மூன்று வகை உறைக்கும் மூத்தவன், நடுவுலவன், கடைக்குட்டி என்று அவரே பெயர் வைத்திருந்தார். பிள்ளை இல்லாதவரிடம் கேலி பேச வேறு விஷயமா கிடைக்கவில்லை என்று பொட்டலம் கட்டும் பகுதியில் இருக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அண்ணியோ அவர்களோடு சேர்ந்து சிரிப்பார். ரோஷமே இல்லாத மனுஷி.

அண்ணனுக்கும் அங்கேதான் வேலை. சீஸ் கட்டியான பிறகு வடியும் தெளிநீரைக் காய்ச்சிப் பொடியாக்குவான். அந்தப் பொடி நெஞ்சில் ஏறி, அவனுக்கு அடிக்கடி மூச்சு இழுக்கும். உறையைக் கொல்லும் வைரஸ் அதிகமாக இருப்பது தெளிநீரில்தான். அதனால் அந்தப் பகுதி ஆட்கள் உறை அறைப் பக்கம் தலைகாட்டக் கூடாது. புருஷனுக்குப் பின்வாசல், பெண்டாட்டிக்கு முன்வாசல். ஒரே ஸ்கூட்டரில் வந்து தெருமுனையில் பிரிந்து போவார்கள். சாயங்காலம் அதே முனையில் அண்ணன் காத்திருப்பான்.

ஒரு நாள் பெரிய தொட்டியில் பால் புளிக்கவே இல்லை. புளிக்காத பால் கொழகொழவென்று கிடக்கும், சாக்கடையில்தான் கொட்ட வேண்டும். அன்றைக்குப் போட்டது மூத்தவனை. மறுநாள் நடுவுலவனைப் போட்டார்கள். அதுவும் போயிற்று. கடைக்குட்டியும் கைவிட்ட பிறகு எல்லோரையும் கூப்பிட்டார்கள்.

ஆய்வக அதிகாரி பலகையில் படம் போட்டார். “வைரஸுக்குக் கண்ணு கிடையாது. தானா நகரவும் தெரியாது. மிதந்து வந்து பாக்டீரியா மேல முட்டும். பாக்டீரியாவோட மேல்தோல்ல சர்க்கரைச் சங்கிலி இருக்கு. வைரஸோட வால் நுனி அதுல சரியாப் பொருந்தணும். பொருந்தலைன்னா விலகிப் போயிடும். பொருந்திருச்சுன்னா பிடி விடாது. தன் சரக்கை உள்ள இறக்கிடும். கொஞ்ச நேரத்துல பாக்டீரியா வெடிச்சு, ஒண்ணு நூறா வெளிய வரும்.”

“அதுக்குத்தானே மூணு உறையை மாத்தி மாத்திப் போடுறோம்?” என்றார் மேலாளர். “ஒண்ணுல ஒட்டுறது இன்னொண்ணுல ஒட்டாதுன்னீங்க. மூணும் போச்சுன்னா, யாரோ தெளிநீர்ப் பக்கத்துலேர்ந்து விதவிதமாக் கொண்டு வர்றாங்க.”

கூட்டம் மொத்தமும் அண்ணியைத் திரும்பிப் பார்த்தது. மூன்று உறையும் நிஜமாகவே வேறு வேறுதானா என்று ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை. பெயர் மூன்று, புட்டி மூன்று, அது போதுமாக இருந்தது.

மேலாளர் அண்ணியைத் தனியாகக் கூப்பிட்டார். “உங்க ரெண்டு பேர் துணியும் ஒரே கொடியிலதானே காயுது? உறை அறை வேணும்னா, அவர் வேற எங்கயாவது தங்கட்டும்.”

வீட்டுக்கு வந்து அண்ணி அண்ணனிடம் சொன்னபோது நான் அங்கே இருந்தேன். “கொஞ்ச நாளைக்குத்தாங்க. தொட்டி சரியானதும் வந்துடுங்க.” அண்ணன் பையை எடுத்தான். துணிகளை மடித்து வைத்தான். “கட்டின புருஷனைவிட உறை பெரிசா அண்ணி?” என்று நான்தான் கத்தினேன். இருபது வருடம் அந்த அறையைக் கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொண்டவர் அவர். அதை விட்டால் தனக்கு என்ன இருக்கிறது என்று அழுதார்.

வண்டி பழுது பார்க்கும் கடைக்கு மேலே ஓர் அறையில் அண்ணன் தங்கினான். தொழிற்சாலையை மருந்து போட்டுக் கழுவினார்கள். தொட்டி சரியாயிற்று. பார்த்தீர்களா, எல்லாம் அண்ணனால் வந்ததுதான் என்று ஆளாளுக்குத் தீர்ப்பு எழுதினார்கள். அண்ணியும் அதை நம்பினார். தெருவில் பார்த்தால் அந்தப் பக்கம் அவன், இந்தப் பக்கம் இவர். கிட்டே வரவிட மாட்டார்.

“இழுப்பு எப்படி இருக்கு?”

“பரவாயில்ல. வீட்டுக்கு வந்துடட்டுமா?”

“இன்னும் கொஞ்ச நாள் போகட்டுங்க.”

ஒரு காலையில் கடைக்காரர் மேலே போய்க் கதவைத் தட்டியிருக்கிறார். அண்ணன் கட்டிலைப் பிடித்தபடி தரையில் உட்கார்ந்திருந்தான். உயிர் இல்லை. இழுப்பு வந்தால் நெஞ்சை நீவி, மருந்தை எடுத்துக் கொடுக்கிறவர் அண்ணி. அந்த அறையில் யார் இருந்தார்கள்?

காரியங்கள் முடிந்து அண்ணி வேலைக்குத் திரும்பினார். அந்த வாரமே தொட்டியில் மறுபடி பால் புளிக்கவில்லை. இந்தத் தடவைதான் அதிகாரி மூன்று உறையையும் வெளியே சோதனைக்கு அனுப்பினார். முடிவு வந்ததும் அண்ணியைக் கூப்பிட்டார். தனியாக விட மனமில்லாமல் நானும் கூடப் போனேன்.

“மூணுக்கும் மேல இருக்கிற சர்க்கரை ஒண்ணுதாம்மா,” என்றார். “ஒரே வைரஸ் மூணுலயும் ஒட்டியிருக்கு. இந்தக் கட்டடத்துக் காத்துலயே அது இருக்கு. வேற சர்க்கரை இருக்கிற உறையைப் போட்டிருந்தா அப்பவே நின்னிருக்கும்.”

“அப்போ அவர் வீட்டுலயே இருந்திருக்கலாமா?”

அதிகாரி காகிதத்தைப் பார்த்துக்கொண்டே, “இருந்திருக்கலாம்மா,” என்றார்.

அண்ணி என் பக்கம் திரும்பினார். “உங்கண்ணனை நான்தானே போகச் சொன்னேன்?”

இல்லை என்று ஒரு பொய் சொல்லியிருக்கலாம்.