திருவுளச்சீட்டு போட்ட ஞாயிறு

ஐம்பதுகளின் கடைசி. நாகல் நகரில் எங்கள் வீடு. ஞாயிறு பூசை முடிந்து வந்த கையோடு, செருப்பைக்கூட ஒழுங்காகக் கழற்றாமல், திருஇருதயப் படத்துக்கு முன்னால் எல்லாரும் முழங்காலில் நிற்கிறோம். எனக்கு நெஞ்சு தவில் மாதிரி அடித்துக்கொள்கிறது. சீட்டு எடுக்கப் போகிறவள் நான்!

அக்காவை நிலக்கோட்டையிலிருந்து பெண் கேட்டிருந்தார்கள். மாப்பிள்ளை வாத்தியார். அத்தையின் ஆசை வேறு. அக்கா கைக்குழந்தையாகக் காய்ச்சலில் துவண்டு கிடந்தபோது, பிழைத்தால் மாதாவுக்கே கொடுத்துவிடுகிறேன் என்று நேர்ந்துகொண்டவள் அவள். கல்யாணமா, கன்னியர் மடமா? அப்பாவுக்கு மனசு ஒரு பக்கம் நிற்கவில்லை. அப்படிப்பட்ட நேரத்துக்கு எங்கள் ஆட்களிடம் இருந்த வழி திருவுளச்சீட்டு. இரண்டையும் எழுதி மடித்துப் படத்தடியில் வைத்து, செபம் சொல்லி, வீட்டில் சின்னவள் கையால் ஒன்றை எடுத்தால், அதுதான் ஆண்டவரின் சித்தம்.

“என்னய ஒரு வார்த்த கேட்டா என்னப்பா?” என்றாள் அக்கா.

“ஆண்டவரக் கேக்கும்போது நீ எதுக்குத்தா குறுக்க?”

எடுத்தேன். பிரித்தேன். ‘கன்னியர் மடம்.’ அம்மா சிலுவை போட்டுக்கொண்டு அழுதாள். அத்தை பாட்டே ஆரம்பித்துவிட்டாள். என் கை சும்மா இருக்குமா? மிச்சமிருந்த சீட்டையும் பிரித்தேன்.

‘கன்னியர் மடம்.’

பாட்டு நின்றது. எல்லாரும் அத்தையைப் பார்த்தோம். சீட்டு எழுதியவள் அவள்தான்.

“ஆண்டவருக்கு அம்புட்டு வேல கெடக்கு. செத்த ஒத்தாச பண்ணுனேன். அதுல என்ன குத்தம்?”

அக்கா எழுந்துவிட்டாள். கண்ணில் நீரும் தீயும்.

“கபிரியேல் சம்மனசு மாதாகிட்ட வந்தப்ப கையில சீட்டா கொண்டாந்துச்சு? ஆண்டவருக்குத் தாயாகணும்ங்கற சேதியச் சொல்லிட்டு, மாதா பதில் சொல்ற வரைக்கும் நின்னுச்சா இல்லையா?”

அப்பா கோயிலில் பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் சொல்லிக்கொடுப்பவர். வசமாக மாட்டிக்கொண்டார். எனக்கோ உடம்பெல்லாம் சிலிர்த்தது. அட, ஆமாம்! வானத்தையும் பூமியையும் ஒரு சொல்லால் உண்டாக்கியவர், தூதரை அனுப்பிவிட்டு ஒரு சின்னப் பெண்ணின் சொல்லுக்காகக் காத்துக்கொண்டிருந்தார்! மோட்சமே மூச்சுப் பிடித்துக்கொண்டு அவள் வாயைப் பார்த்திருக்கும். வேண்டாம் என்று அவள் சொல்லியிருக்கவும் முடியும். முடியும் என்பதனால்தான் அவள் சொன்ன அந்த ‘ஆகட்டும்’ அத்தனை இனித்தது.

“சரித்தா,” என்றார் அப்பா. “கேக்குறேன். மடத்துக்குப் போறியா?”

“செத்த இருங்க.”

அக்கா அடுப்படிக்குப் போனாள். பானையில் தண்ணீர் மொண்டாள். நிதானமாக, ஒவ்வொரு மிடறாகக் குடித்தாள். நாங்கள் முழங்காலிலேயே நின்றோம். அத்தையின் விரல் செபமாலையில் ஒரே மணியில் நின்றுபோயிருந்தது. டம்ளரைக் கவிழ்த்து வைத்துவிட்டு அக்கா வந்தாள்.

“போறேன். எப்பவோ முடிவு பண்ணிட்டேன். நீங்க கேப்பீங்கன்னுதான் இருந்தேன்.”

“பாத்தியளா! என் சீட்டு பலிச்சிருச்சு!” அத்தை துள்ளினாள்.

“அத்தை, ஒங்க சீட்டுக்காகப் போறேன்னு ஊருக்குள்ள சொன்னீங்கன்னா, நாளைக்கே நிலக்கோட்டைக்கு மால மாத்தப் போயிருவேன்.”

அம்மாவே சிரித்துவிட்டாள். எனக்கு மட்டும் கேள்வி அடங்கவில்லை. “மாட்டேன்னு சொல்லிருந்தா ஆண்டவர் என்னக்கா பண்ணிருப்பாரு?”

“எங்கூடவே நிலக்கோட்டைக்கு வந்திருப்பாரு, வேறென்ன?”

அப்பா சட்டையை மாட்டிக்கொண்டார். பெண் கேட்டவர்களுக்குச் சொல்ல வேண்டுமே. “திருவுளச்சீட்டுல இப்பிடி விழுந்துச்சுன்னு சொல்லிருங்க, அவுகளுக்கும் வருத்தம் இருக்காது,” என்றாள் அம்மா.

“இல்ல,” என்றார் அப்பா. “எம் மககிட்ட கேட்டேன், அவ இப்பிடிச் சொன்னான்னே சொல்றேன்.”

சொல்லிவிட்டு, நிலக்கோட்டை பஸ்ஸைப் பிடிக்கத் தெருவில் இறங்கி வேகமாக நடந்தார்.