மாடித் தரையில் ஒரு மூடி

என் கணவரிடம் எதை வேண்டுமானாலும் குறை சொல்லலாம், மாடித் தரையை மட்டும் சொல்லக் கூடாது. கோவில்பட்டியில் எங்கள் வீட்டின் கீழ்த்தளம் என் தையல் கடை, மேலே குடித்தனம். அந்த மாடிக்கு என் மாமனார் தேக்குப் பலகையில் தரை போட்டுவிட்டுப் போனார். அதில் ஒரு சொட்டுக் காபி சிந்தினால் போதும், இவருக்குக் காய்ச்சலே வந்துவிடும்.

கடைக்கு ஃபால்ஸ் சீலிங் போட்டபோது வயர்களையெல்லாம் பலகைக்கும் சீலிங்குக்கும் நடுவில் கொண்டுபோய், ஒரே பெட்டியில் சேர்த்துவிட்டார்கள். அது புகைந்தால் சீலிங்கைப் பிரித்துத்தான் தொட வேண்டும். இரண்டு தடவை பிரித்தாயிற்று. இரண்டு தடவையும் புதுத் துணியெல்லாம் தூசி. "மாடித் தரையில ஒரு மூடி வச்சிருங்கக்கா, மேல இருந்தே கைய விட்டுப் பாத்திருவேன்" என்றார் எலெக்ட்ரீஷியன்.

"அப்பா போட்ட தரைய அறுக்கவா?" என்று இவர் எழுந்து போய்விட்டார். மூன்று நாள் பேச்சில்லை. நானும் சளைத்தவளா? குழம்பில் உப்பைக் குறைத்தே போட்டேன். நாலாம் நாள் வழிக்கு வந்தார். "அறுத்த எடம் கண்ணுக்குத் தெரியப்படாது. கைப்பிடியும் வேண்டாம்."

சித்திரை வெயிலில் தச்சர் வந்தார். நல்ல வேலைக்காரர், அதைச் சொல்லியாக வேண்டும். அடியில் விட்டம் ஓடுகிற இடம் பார்த்து, அதன் நடுவாக்கில் மூன்று பலகைகளை அறுத்தார். விட்டத்தின் ஒரு பாதியில் பழைய தரை, மறு பாதியில் மூடி உட்காரும். அறுத்த துண்டுகளையே அடியில் ரீப்பர்ச் சட்டம் கொடுத்து ஒரே மூடியாகச் சேர்த்தார். தூக்குவதற்கு இரண்டு திருகாணித் துளை மட்டும். ஓரத்தில் நூலிழைச் சந்து தெரிந்தது. இவர் முகம் சுளித்ததும் அதையும் மெல்லிய தேக்குச் சீவல் ஒட்டி அடைத்துவிட்டார்.

"அண்ணாச்சி, கொஞ்சம் எடம் விடுங்க. ஜாக்கெட்டுக்கே நான் உள்ள துணி விட்டுத்தான தைக்கேன்" என்றேன்.

"தங்கச்சி, பலகை என்ன, கல்யாண வீட்ல சாப்பிட்டுக் குண்டாகவா போகுது?"

இரண்டு பேரும் சிரித்தார்கள். பத்து மாதம் காய்கிற ஊரில் ஈரத்தை யார் நினைக்கிறார்கள்?

ஐப்பசியில் பலகை குண்டானது. தீபாவளிக்கு ஐந்து நாள். மூன்று நாளாக அடைமழை, தெருவெல்லாம் கரிசல் சேறு, வீட்டில் ஒரு கதவும் ஒழுங்காகச் சாத்தவில்லை. மத்தியானம் கடைக்குள் கருகல் வாடை. மெயினை அணைத்தோம், மெஷின்கள் நின்றன. முப்பது ஜாக்கெட் பாக்கி. நல்ல நாளில் ஒருத்தியைப் பழைய ஜாக்கெட் போட வைத்தால், ஏழு ஜென்மத்துக்கும் என் கடைப் பக்கம் வர மாட்டாள்.

எலெக்ட்ரீஷியன் மாடியில் திருகாணியை மாட்டி இழுத்தார். மூடி அசையவில்லை. தம் கட்டி இழுத்ததில் திருகாணிதான் கையோடு வந்தது. "நல்லா உப்பிட்டுக்கா. பலகைய ஒடைக்கணும், இல்லன்னா சீலிங்கப் பிரிக்கணும். சீலிங்னா ரெண்டு நாளாவும்."

எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. "அப்பவே சொன்னேன்லா! எடம் விடுங்கன்னு சொன்னேன்லா!" என்று கத்தினேன்.

இவர் உள்ளே போய் உளியும் சுத்தியலும் எடுத்து வந்தார். "தள்ளி நில்லுட்டி" என்று மண்டிபோட்டு உட்கார்ந்து, மூடியின் விளிம்பில் உளியை வைத்தார். முதல் அடிக்குக் கண்ணை மூடிக்கொண்டார். தேக்குச் சில்லு தெறித்தது. அதைப் பார்க்க எனக்கே பாவமாக இருந்தது. ஏழெட்டு அடியில் மூடி எழும்பியது. ஒரு மணி நேரத்தில் கரண்ட் வந்தது.

தீபாவளிக்கு முந்தின நாள் சாயங்காலம் கடைசி ஜாக்கெட்டையும் கொடுத்துவிட்டு மாடி ஏறினேன். இவர் இழைப்புளியும் கையுமாக மூடியின் முன்னால் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் புதுசாக ஒரு பித்தளைக் கைப்பிடி.

"அப்பா இருந்தா ஏசுவாவ" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "எவ்வளவுட்டி விடணும்?" என்று கேட்டார்.

கழுத்தில் கிடந்த டேப்பை எடுத்தேன். மடியில் இருந்த தையல் சாக்பீஸால், மாமனார் போட்ட தேக்கில், நானே கோடு போட்டேன். அவர் அந்தக் கோடு வரைக்கும் இழைத்தார்.