வேப்பங்கட்டைக்கு எந்த மெஷின்?

போன ஆடி மாதம், தூத்துக்குடியில் எங்கள் வீட்டு வாசலிலேயே நடந்தது இது. ஆடிக் காற்று எங்கள் ஊரில் எப்படி அடிக்கும் என்று இங்கே இருந்தவர்களுக்குத் தெரியும். காயப்போட்ட துணியில் மண், சோற்றில் மண், கண்ணைத் திறந்தால் மண். அந்த மண்ணைத் தின்றுகொண்டு ஆபீஸ், ஆஸ்பத்திரி, வீடு என்று நான் அலைந்துகொண்டிருந்தேன். எந்த நாள் எந்தக் கிழமை என்பதே மறந்துபோகிற அளவுக்கு அலுப்பு.

என் கணவர் துறைமுகத்தில் சிக்னல்மேன். கிரேனுக்குக் கீழே நின்று, மேலே கூண்டில் இருக்கும் ஆபரேட்டருக்கு எல்லாவற்றையும் கையாலேயே சொல்வது அவர் வேலை. இறக்கு, நிறுத்து, கொஞ்சம் இடது பக்கம். ஒரு நாள் வேலை முடிந்து வருகிற வழியில், உப்பு லாரி ஒழுகவிட்டுப் போன தண்ணீரில் பைக் வழுக்கி விழுந்தார். தொடை எலும்பு முறிந்து, ஆபரேஷன் செய்து பிளேட் வைத்தார்கள். ஒரே மகள் கைக்குழந்தையோடு பெங்களூரில் இருக்கிறாள். அவளால் போனில் அழ மட்டும்தான் முடிந்தது.

டாக்டர் ஒருவழியாக, "சனிக்கிழமை வீட்டுக்குக் கூட்டிட்டுப் போகலாம்மா" என்றார். சக்கர நாற்காலியிலேயே வீட்டுக்குள் கொண்டுபோக வேண்டும், ஆள் வைத்துத் தூக்குகிறேன் என்று கிளம்பக் கூடாது, குலுங்கினால் பிளேட் நகர்ந்துவிடும் என்று இரண்டு தடவை சொன்னார். எனக்கு அப்பாடா என்றிருந்தது. அந்தச் சந்தோஷம் எங்கள் வீட்டு கேட் வரைக்கும்தான் தாங்கியது. கேட்டைத் திறந்ததும் எதிரே அந்த வேப்பங்கட்டை உட்கார்ந்திருந்தது.

சில வருடம் முன்பு வந்த பெருவெள்ளத்தில் எங்கள் வாசல் வேப்பமரம் சாய்ந்துவிட்டது. அடிமரத்தையும் கிளைகளையும் அறுத்து எடுத்துப் போனார்கள். கட்டை மட்டும் அப்படியே நின்றது. வெள்ளத்துக்குப் பயந்து தெருவில் எல்லோரும் மண் அடித்து வாசலை உயர்த்தியபோது நாங்களும் உயர்த்தினோம். கட்டை பாதி மண்ணுக்குள் போனது, மீதி முழங்கால் உயரத்துக்கு வெளியே நின்றது. கட்டைக்கு ஒரு பக்கம் மதில் சுவர், மறுபக்கம் தரைக்கு அடியில் தண்ணீர்த் தொட்டி. தொட்டியின் சிமெண்ட் மூடியில் விரிசல் விட்டிருந்ததால் அதன்மேல் எதையும் உருட்ட முடியாது. சுவருக்கும் கட்டைக்கும் நடுவே ஒரு ஆள் ஒருக்களித்துப் போகலாம், சக்கர நாற்காலி போகாது. பின்வாசலும் கிடையாது.

தோண்டி எடுக்க இரண்டு ஆட்களைக் கூப்பிட்டேன். வந்து, சுற்றிப் பார்த்து, வேறு வேலை இருக்கிறது என்று போய்விட்டார்கள். ஜே.சி.பி. எங்கள் சந்துக்குள்ளேயே நுழையாது. தீ வைத்துவிடச் சொன்னார்கள் சிலர். ஆடிக் காற்றில் தீ வைத்தால் கட்டையோடு தெருவும் சேர்ந்து போகும். கடைசியில் பக்கத்து வீட்டு அக்காதான், ஆத்தூர்ப் பக்கம் ஒருவர் மரக்கட்டையை அரைத்துத் தூளாக்குகிற மெஷின் வாடகைக்கு விடுகிறார் என்று நம்பர் வாங்கிக் கொடுத்தார்.

போன் பண்ணினேன். அவரிடம் மூன்று மெஷின்கள் இருந்தன. ஒன்று கையால் தள்ளிக்கொண்டு போகிற சின்னது. ஒன்று சக்கரம் வைத்த நடுத்தரம். இன்னொன்று டிராக்டரில் மாட்டுகிற பெரியது. "யக்கா, கட்டை எம்புட்டு அகலம், கேட் எம்புட்டு அகலம், ரெண்டையும் சொல்லுங்க, எது வேணும்னு நான் சொல்லுதேன்" என்றார்.

இந்த இடத்தில் என் வேலையைப் பற்றிச் சொல்ல வேண்டும். கண்டெய்னருக்கு டிரெய்லர் லாரி பிடித்துக் கொடுக்கிற ஆபீசில் இருக்கிறேன். சரக்கு என்ன, இருபது அடியா நாற்பது அடியா, எந்த வண்டி போதும் என்று காலையிலிருந்து சாயங்காலம் வரை இதே பேச்சுதான். என்னிடம் போய் சைஸ் பற்றிப் பேசுகிறாரே என்று எனக்குள் ஒரு மிதப்பு. டேப்பை எடுத்து கேட்டை அளந்தேன், கட்டையை அளந்தேன், சொன்னேன். நடுத்தர மெஷின் கேட்டுக்குள் நுழையும், ஆனால் திரும்ப வேண்டுமென்றால் தொட்டி மூடிமேல் ஏறியாக வேண்டும். அதனால் சின்னதே போதும் என்று முடிவு செய்தேன். அவரும் மறுநாள் நேரில் வந்து கட்டையை ஒரு மிதி மிதித்துப் பார்த்துவிட்டு, "இதுக்குச் சின்னதே ஜாஸ்திக்கா" என்றார்.

கிளம்பும்போது, "அண்ணாச்சிட்ட ஒரு வார்த்த கேட்டுக்கிட்டீங்களா?" என்றார்.

"அவியளே படுக்கைல கெடக்காவ. அவியகிட்ட கேக்க என்ன இருக்கு? நாஞ் சொல்லுதேன், நீங்க வாங்க" என்றேன்.

எனக்கே சிரிப்பாக இருந்தது. வாசலில் யார் எதை விற்க வந்தாலும், போனில் யார் எந்த ஸ்கீமைப் பற்றிப் பேசினாலும், "வீட்ல கேட்டுச் சொல்லுதேன்" என்று சொல்லித் தட்டிக் கழிப்பதுதான் என் வழக்கம். வீட்டில் கேட்டதே கிடையாது. அந்த வாக்கியம் கதவைச் சாத்துவதற்கு மட்டும்தான்.

வியாழக்கிழமை காலையில் ஆபீசுக்கு லீவு போட்டேன். மெஷின் லோடு ஆட்டோவில் வந்து இறங்கியது. வட்டத் தகட்டில் சுற்றிலும் இரும்புப் பல். ஓடவிட்டு, வீட்டுப் பக்கம் நின்று கட்டைமேல் வைத்ததும் வேப்பந்தூள் பறந்தது. கசப்பு வாசம் தெருவெல்லாம் நிறைந்தது. பக்கத்து வீட்டு அக்கா மூக்கை முந்தானையால் மூடிக்கொண்டு வேடிக்கை பார்த்தார். கட்டை வெண்ணெய் மாதிரி கரையக் கரைய எனக்கு நெஞ்சுக்குள் ஏதோ இளகியது. அவ்வளவு நாளில் நான் நினைத்தபடி நடந்த ஒரே காரியம் அதுதான்.

வீட்டுப் பக்கம் மண் மட்டத்துக்கு வந்ததும் படார் என்று ஒரு சத்தம். தீப்பொறி பறந்தது. மெஷின் ஒரு குதி குதித்து நின்றுவிட்டது.

"பல்லு போச்சு! யக்கா, உள்ளுக்க கல்லுல்லா கெடக்கு!" என்று அவர் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். கடப்பாரையால் மண்ணைக் கிளறிப் பார்த்தால் வரிசையாகக் கல். சாதாரணக் கல்கூட இல்லை, கடல்கல். எங்கள் ஊரில் அந்தக் காலத்துச் சுவர்களெல்லாம் கடலிலிருந்து எடுத்த பவளக்கல்லில் கட்டியவை. வெள்ளத்தில் விழுந்த எங்கள் பழைய மதிலும் அந்தக் கல்தான். அது எப்படி இங்கே, அதுவும் கட்டையைச் சுற்றி மண்ணுக்குள், அடுக்கி வைத்த மாதிரி வந்தது என்று எனக்குப் புரியவில்லை. போதாததற்கு, மேலே நான் அளந்த கட்டை கீழே போகப் போக அகன்றுகொண்டே போயிருந்தது. நான் அளந்தது மண்ணுக்கு மேலே தெரிந்ததைத்தான்.

"அளந்து சொன்னீங்களேக்கா" என்றார் அவர்.

"நீங்களும்தான மிதிச்சுப் பாத்திய" என்றேன் நான்.

அதற்கு மேல் சண்டை போட எங்கள் இரண்டு பேரிடமும் தெம்பு இல்லை. கல்லைக் கையால் எடுக்கலாம் என்றால் வேர்களுக்கு நடுவே இறுகிப்போயிருந்தது. பெரிய மெஷினுக்கு வழியில்லை, சின்ன மெஷினுக்குப் பல் இல்லை. வேறு பல் மாட்டினாலும் மறுபடி கல்லில்தானே இடிக்கும் என்றார். அதுவும் நியாயம்தான். அரைகுறையாகக் கடித்துப் போட்ட கட்டையையும் சனிக்கிழமையையும் நினைத்தேன். குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

சாயங்காலம் ஆஸ்பத்திரிக்குப் போனபோது இதைப் பற்றி வாயே திறக்கக் கூடாது என்றுதான் போனேன். விபத்துக்குப் பிறகு எதையுமே அவரிடம் சொல்லாமல்தான் வைத்திருந்தேன். நர்ஸ் என்னிடம்தான் கேட்பார், டாக்டர் என்னிடம்தான் பேசுவார், நான் எல்லாவற்றுக்கும் தலையாட்டுவேன். அவருக்கு இட்லியா இடியாப்பமா என்றால்கூட நானே சொல்லிவிடுவேன். மனிதர் நிம்மதியாகப் படுத்திருக்கட்டும் என்ற நல்லெண்ணத்தில் செய்ததுதான்.

அவர் என் தலையையே பார்த்தார். "ஏளா, தலையில என்ன தூளு?" என்றார்.

தடவிப் பார்த்தேன். வேப்பந்தூள். அதற்கப்புறம் அடக்க முடியவில்லை. மெஷின், பல், கல், சனிக்கிழமை, எல்லாவற்றையும் அழுதுகொண்டே கொட்டிவிட்டேன்.

அவர் சிரிக்க ஆரம்பித்தார். விழுந்ததற்கு அப்புறம் அவர் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். தொடையைப் பிடித்துக்கொண்டு, "வலிக்கி, வலிக்கி" என்று சொல்லிக்கொண்டே சிரித்தார். பக்கத்துக் கட்டில்காரர் எழுந்து பார்த்தார்.

"அந்தக் கல்ல அங்கன போட்டதே நாந்தாம்ளா. மதிலு விழுந்த கல்ல எங்கன கொண்டு போடன்னு, வாசல ஒசத்துனப்ப கட்டையச் சுத்தி அடுக்கி மண்ணப் போட்டேன். நீ அன்னைக்கு ஆபீஸ்ல இருந்த. ஒரு வார்த்த கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்லா."

"ஒங்களத் தொந்தரவு பண்ண வேண்டாம்னுதான்…" என்று இழுத்தேன்.

அவர் சிரிப்பை நிறுத்திவிட்டுக் கூரையைப் பார்த்தார். "தொந்தரவு பண்ணுளா. எத்தன நாளா என்கிட்ட ஒருத்தரும் ஒண்ணுமே கேக்கல. கொடோன்ல எறக்கி வச்ச மூட்ட மாதிரில்லா கெடக்கேன்" என்றார்.

அவர் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கொஞ்ச நேரத்தில் அவரே, "மதிலுப் பக்கம் நான் கல்லே போடல. அதுல தண்ணி பைப்பு போகுது பாரு. பைப்புக்கும் கட்டைக்கும் நடுவுல வெறும் மணலுதான். அந்தப் பக்கமா நின்னு அரைச்சா சின்ன மெஷினே போதும். வீல்சேரு போகவும் அந்த வழிதான வேணும்? மத்த சவத்த விட்டுத் தள்ளு" என்றார்.

மெஷின்காரரைக் கெஞ்சிக் கூத்தாடி வெள்ளிக்கிழமை காலையில் மறுபடி வரவழைத்தேன். புதுப் பல் மாட்டிக்கொண்டு, முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தார். ஆஸ்பத்திரியிலிருந்து என் கணவர் வீடியோ காலில் வந்தார். பக்கத்து வீட்டு அக்கா போனைக் கட்டைக்கு நேராகப் பிடித்தார். மெஷின் ஓட ஆரம்பித்ததும் யார் பேசுவதும் யாருக்கும் கேட்கவில்லை. அந்தப் பக்கம் அவர் என்னவோ கத்தினார். இந்தப் பக்கம் மெஷின்காரர், "என்னது? என்னது?" என்று கத்தினார்.

அப்போதுதான் போன் திரையில் அவர் முகம் ஒதுங்கி, கை மட்டும் வந்தது. உள்ளங்கை மெல்லக் கீழே இறங்கியது. இறக்கு. விரல் மடங்கி இடது பக்கம் காட்டியது. கொஞ்சம் தள்ளு. கை முஷ்டியாகி நின்றது. நிறுத்து. மெஷின்காரர் ஒரு கண் கட்டையிலும் ஒரு கண் போனிலுமாக அந்தக் கை சொன்னபடியெல்லாம் செய்தார். அத்தனை வருடம் குடும்பம் நடத்தியும், அவர் வேலை செய்வதை நான் பார்த்ததே இல்லை. துறைமுகத்துக்குள் எங்களை யார் விடுவார்கள்? ஊசி குத்திக் கன்றிப்போன அந்தக் கை திரையில் ஆட ஆட, எனக்குக் கண் நிறைந்துவிட்டது. வேப்பந்தூள்தான் காரணம் என்று அக்காவிடம் சொன்னேன்.

"என்னடி, இந்த மனுசன் அங்கன கெடந்துக்கிட்டே இங்கன வேல வாங்குதாரு!" என்றார் அக்கா. மதில் பக்கம் முழுக்கக் கரைந்து தரையானது. பைப்பில் ஒரு கீறல் இல்லை, பல் ஒன்றுகூடப் போகவில்லை. மெஷின்காரர் போனைப் பார்த்து, "அண்ணாச்சி, நீங்க எந்திரிச்சதும் என்கூட வேலைக்கு வந்திருங்க" என்றார். திரையில் இருந்த கை, போதும் போதும் என்று ஆடியது.

சனிக்கிழமை சக்கர நாற்காலி, மதிலை ஒரு பக்கமும் மிச்சக் கட்டையை மறுபக்கமும் உரசாமல், குலுங்காமல் வீட்டுக்குள் போனது. நான் தள்ளினேன், அவர் கையைக் காட்டிக்கொண்டே வந்தார்.

பிறகு வாக்கர் பிடித்து நடக்கப் பழகினார். வாசல் வரைக்கும் வந்தால் மூச்சு வாங்கும். உட்கார இடம் தேடுவார். தொட்டிப் பக்கம் அரைபடாமல் நின்ற மிச்சக் கட்டை, அவர் உட்கார்ந்து எழுந்திருக்கத் தோதான உயரத்தில் இருந்தது. தினமும் சாயங்காலம் கட்டை வரைக்கும் நடப்பது, உட்காருவது, தெருவில் போகிறவர்களிடம் பேசுவது, திரும்புவது என்று வழக்கமாகிவிட்டது.

கொஞ்ச நாள் கழித்து மெஷின்காரர் போன் பண்ணினார். தொட்டி மூடியை மாற்றிவிட்டோம் என்று அக்கா சொல்லியிருக்கிறார் போல. "யக்கா, இப்ப நடு மெஷினு தாராளமா உள்ள வரும். மிச்சத்தையும் எடுத்திருவோமா?" என்றார்.

வேண்டாம் என்பது என் நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. நிறுத்திக்கொண்டு, "வீட்ல கேட்டுச் சொல்லுதேன்" என்றேன்.

போனைக் கையில் பிடித்தபடியே வாசலுக்குப் போனேன். அவர் கட்டைமேல் உட்கார்ந்திருந்தார். கேட்டேன். அவர் யோசித்து, கட்டையைத் தட்டிப் பார்த்து, கையை முஷ்டியாக்கிக் காட்டினார்.

கட்டை இன்னும் அங்கேயேதான் இருக்கிறது. அலுத்துச் சலித்து வீட்டுக்கு வருகிற நாட்களில், எல்லாவற்றையும் நானே முடிவு செய்துவிடலாம் என்று தோன்றும்போதெல்லாம் அதைப் பார்க்கிறேன், பேசாமல் போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, "என்னங்க, ஒரு விஷயம் கேக்கணும்" என்று ஆரம்பிக்கிறேன்.