அரைப்பேரும் முழுப்பெயரும்

மல்லிகா அக்கா போய்விட்டார் என்ற செய்தி வந்தபோது நான் பதுளையில், துணிக்கடையில் ஒரு சேலைக்கு பில் போட்டுக்கொண்டிருந்தேன். ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தவரைக் குளவி கொட்டியிருக்கிறது; ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவரும் வழியிலேயே முடிந்துவிட்டது. பில்லை இரண்டு தடவை தப்பாக அடித்தேன். சேலை வாங்க வந்த அம்மா முகத்தைச் சுளித்தார். அழக்கூட நேரம் தராத வேலை இது என்று அன்றைக்குத்தான் எனக்குக் கோபம் வந்தது.

நம் சனிக்கிழமை வகுப்பில் அவரை அறியாதவர் இல்லை. வெளிவாரிப் பட்டத்துக்குப் படிக்க வந்த நாம் எல்லோருமே எங்காவது வேலை செய்கிறவர்கள்தாம். ஆனால் காலையில் மலையில் கொழுந்து பறித்துவிட்டு, மத்தியானம் பஸ் பிடித்து வகுப்புக்கு ஓடிவந்தவர் அவர் ஒருவர்தான். விரல்களில் கறை இருக்கும். உட்காரும்போதே, "என்ன புள்ள, எதுவரைக்கும் போயிருச்சு?" என்று என் கொப்பியை இழுப்பார். நான் வாய் திறப்பதற்குள் பாதியைப் படித்து முடித்திருப்பார். நிதானம் என்பது அவர் பக்கம் எட்டிக்கூடப் பார்த்ததில்லை.

முதலாம் ஆண்டில் நடந்த ஒப்படைக் கூத்தை, கூடப் படித்த நீங்கள் யாரும் மறந்திருக்கமாட்டீர்கள். தோட்டச் சம்பளம் பற்றி ஒரு கட்டுரை எழுதித் தரச் சொன்னார்கள். அக்கா, 'சனிக்கிழமைகளில் எனக்கு அரைப்பேர்தான்' என்று எழுதியிருந்தார். பறித்த கொழுந்தின் நிறை குறைந்தால் அரை நாள் சம்பளம்தான் விழும். தோட்டத்தில் அதை அரைப்பேர் என்போம். வெளியூரிலிருந்து வந்த விரிவுரையாளருக்கு அது தெரியவில்லை; எதனுடைய பெயரையோ பாதியாக எழுதியிருக்கிறார் என்று எடுத்துக்கொண்டார். சிவப்பு மையால் அடிக்கோடிட்டு, 'முழுப்பெயர் எழுதவும்' என்று போட்டுவிட்டார். அக்காவோ தன் பெயரைத்தான் கேட்கிறார் என்று நினைத்து, முதல் பக்கத்தில் தகப்பன் பெயர், தாத்தா பெயர் எல்லாம் சேர்த்து நீளமாக எழுதி மறுபடி கொடுத்தார். விஷயம் விளங்கியதும் இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் அன்றைய பாடமே நின்றுபோனது.

அன்று பஸ் நிலையத்துக்கு நடக்கும்போது அந்தச் சிரிப்பு இல்லை. "மலையிலேருந்து பாதியில எறங்கி வர்றேன், அரைப்பேரு. வகுப்புக்கும் பாதியிலதான் வந்து சேர்றேன், இங்கயும் அரைப்பேருதான்" என்றார்.

"ரெண்டு அரை சேர்ந்தா ஒண்ணுதானே அக்கா?" என்று சமாதானம் சொன்னேன்.

"கணக்குல சேரும் புள்ள. ஒடம்புல சேர மாட்டேங்குதே!" என்று சொல்லிவிட்டு, புறப்பட்டுவிட்ட பஸ்ஸைப் பிடிக்க ஓடினார்.

சாவு வீட்டில் ஒரு பெரியவர், "வேலைய மட்டும் பாத்துக்கிட்டு இருந்திருக்கலாம். படிச்சு என்னத்தக் கண்டா?" என்றார். குளவி அவரை வகுப்பறையிலா கொட்டியது? வேலை பார்த்த இடத்தில்தானே? கேட்டுவிட நாக்கு துடித்தது. சாவு வீடாயிற்றே என்று அடக்கிக்கொண்டேன். இறுதிப் பரீட்சைக்குச் சில வாரங்களே இருந்தன. அதை எழுதாமல் அக்கா போனதை என்னால் தாங்கவே முடியவில்லை.

அதன்பிறகு நானும் படிப்பை விட்டுவிடலாம் என்றுதான் நினைத்தேன். பரீட்சை வருவது பண்டிகை வியாபார நேரம். லீவு கேட்டால் வேலை போனாலும் போகும். புத்தகத்தைத் திறப்பேன், மூடுவேன், எழுந்து நடப்பேன். நம் வாட்ஸ்அப் குழுவில் எல்லோரும் 'ஆத்மா சாந்தியடையட்டும்' என்று போட்டிருந்தீர்கள். நான் போடவில்லை. சாந்தியாக உட்கார்ந்திருக்கும் மல்லிகா அக்காவை எனக்கு நினைத்துப் பார்க்கவே வரவில்லை. அவரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது அந்த அவசரத்தையும், எதையும் விட்டுக்கொடுக்காத பேராசையையும்தான்.

நேற்று முதலாளியிடம் போய், பரீட்சை நாட்களில் கடைக்கு வரமாட்டேன் என்று சொன்னேன். அவர் கல்லாவிலிருந்து நிமிர்ந்து பார்த்தார்.

"ஒனக்கு வேலை வேணுமா, படிப்பு வேணுமா?"

"ரெண்டும் வேணுங்க" என்றேன்.