சூடான் பாட்டுக்கு நான் போட்ட மார்க்

பல நாட்டு நாட்டுப்புற இசைத் தொகுப்புகளுக்கு இன்று பத்திரிகைகளில் விமர்சனம் எழுதுகிறேன். தொழிலைத் தொடங்கியது நான்காம் வகுப்பில். கொல்லிமலை அடிவாரத்தில் காரவள்ளிதான் எங்கள் ஊர். அதைத் தாண்டி நான் பார்த்திருந்த உலகம் பேளுக்குறிச்சிச் சந்தை மட்டுமே. அந்தத் தகுதி போதும் என்று எனக்கு நினைப்பு.

அத்தா என்று நான் கூப்பிடும் அப்பா துபாயில் இருந்தார். அவர் அறையில் சூடான்காரர், பட்டாணியர், பிலிப்பைன்ஸ்காரர் என்று பல நாட்டு ஆட்கள். அவர்கள் ஊர்ப் பாட்டு ஓடும்போது பக்கத்தில் இன்னொரு டேப்ரிக்கார்டரை வைத்துப் பதிவு செய்து, லீவில் வருகிறவர்களிடம் கொடுத்தனுப்புவார். டேப்பில் பேசத்தான் அவருக்கு வெட்கம். வெள்ளிக்கிழமை போன் பூத்திலும், பின்னால் நிற்கிற கூட்டத்துக்குக் கூச்சப்பட்டு, "நல்லாருக்கறோமுங்க" என்பதோடு அம்மா வைத்துவிடுவாள்.

பாட்டு எப்படி என்று வேறொரு கேசட்டில் பேசி அனுப்புவது என் பொறுப்பு. பட்டாணியர் பாட்டுக்குப் பத்துக்கு எட்டு. பிலிப்பைன்ஸ் பாட்டுக்கு ஏழு, தூக்கம் வருகிறது. சூடான் பாட்டில் மேளம் பிரமாதம், மலைமேல் திருவிழாவில் கேட்கிற மேளம் தோற்றது. ஆனால் ஒரு குறை.

"அத்தா, நடுவுல நீங்க இருமிப்போட்டீங்க. பாட்டே கெட்டுப்போச்சுங்க. நாலு மார்க்குதான்."

"அதையெதுக்குக் கண்ணு சொல்றே?" என்றாள் அம்மா. விமர்சகர் பாரபட்சம் பார்க்கலாமா? நான் அழிக்கவில்லை.

அம்மா தினமும் போட்டது அந்தச் சூடான் கேசட்டைத்தான். முறத்தில் மிளகு புடைத்துக்கொண்டே கேட்பாள். அத்தா இருமி, தொண்டையைக் கனைத்து, லேசாகப் பெருமூச்சு விடும் இடம் வந்ததும் கை நின்றுவிடும். கேசட்டைப் பின்னால் சுற்றி மறுபடி அதையே கேட்பாள். மேளத்தில் மயங்கிவிட்டாள் என்று நினைத்தேன். இப்போதெல்லாம் எந்த நாட்டுப் பதிவிலாவது யாராவது இருமினால் என் பேனாவும் அப்படித்தான் நின்றுவிடுகிறது.

சில மாதம் கழித்து அடுத்த கேசட் வந்தது. உறையின் மேல் அத்தா எழுதியிருந்தார்: 'இப்ப இருமல் இல்லை கண்ணு.' உண்மைதான். பாட்டைத் தவிர ஒரு சத்தமும் இல்லை. என் பேச்சுக்குத் துபாயில் இருக்கும் மதிப்பைத் தெரு முழுக்கச் சொல்லிவிட்டு வந்தேன்.

அம்மா ஸ்பீக்கரில் காதை வைத்து, முதலிலிருந்து கடைசிவரை இரண்டு பக்கமும் கேட்டாள்.

"இதுல ஒண்ணுமே இல்லியே கண்ணு" என்றாள்.

"பாட்டு இருக்குதும்மா. எவ்வளவு சுத்தமா இருக்குது, பாரு!"

அவள் அதை எடுத்துவிட்டுப் பழைய சூடான் கேசட்டைப் போட்டாள். அம்மாவுக்குப் பாட்டுக் கேட்கவே தெரியவில்லை என்று முடிவு கட்டி, மனதுக்குள் அவளுக்குப் பத்துக்கு இரண்டு போட்டேன்.